தறிக்குழி ஓரத்துல படிச்ச பாடம்

போன மாசம் பேரனைத் தூக்கிக்கிட்டு அங்கன்வாடிக்குப் போனேன். எடை போடுற நாள். வந்தவங்க எல்லாரும் பொம்பளைங்க. ஆம்பளை நான் ஒருத்தன்தான், அதுவும் தாத்தா. அப்பன்காரன் நாள் முழுக்கப் பிள்ளை பக்கத்துலயே இருந்த காலம் ஒண்ணு எங்க ஊர்ப்பக்கம் இருந்துச்சு. அந்தக் கதையைத்தான் எழுதுறேன்.

சேத்துப்பட்டுன்னா பலருக்கு நெல்லு மூட்டை ஞாபகம் வரும். ஆனா இங்கிருந்து தேவிகாபுரம், ஆரணி வரைக்கும் பட்டுத்தறி ஓடுற ஊருங்க நிறைய. எங்க வீட்லயும் ஒரு குழித்தறி இருந்துச்சு. நிலம் அரைக்காணி. மழை பொய்ச்சா தறிதான் சோறு போடும்.

நைனா குழியில காலை விட்டு மிதிச்சு நெய்வார். அம்மா ராட்டையில தார் சுத்துவாங்க. நான் குழி ஓரமா உக்காந்திருப்பேன். இழையை எண்ணும்போது என்னையும் எண்ணச் சொல்வார். பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடியே நூறு வரைக்கும் எண்ணுவேன், நிறமெல்லாம் பேர் சொல்வேன். நைனா கையெழுத்துப் போட மட்டும்தான் தெரிஞ்சவர். ஆனா நான் கேட்ட கேள்விக்கெல்லாம் நெய்துக்கிட்டே பதில் சொல்வார்.

1979-ல எனக்கு 8 வயசு. நைனா கோர்வைச் சேலை எடுத்தார். அதுல உடல் ஒரு நிறம், கரை வேற நிறம். ஒரே ஆளா நெய்ய முடியாது. கரைப்பக்கம் நாடா போட இன்னொருத்தர் வேணும். கூலிக்கு ஆள் வைக்க வழியில்லாத வீட்ல அந்த ஆள் பிள்ளைதான். முதலாளிகிட்ட வாங்கின முன்பணம் வேற கழுத்தை நெரிக்குது. என் படிப்பு நின்னுச்சு. எண்ணக் கத்துக்குடுத்த அதே இடத்துல வேலைக்கு உக்காந்தேன். அப்புறம் நைனா என்கிட்ட அதிகமா பேசினதில்ல. தப்பா போட்டா அதட்டல்தான்.

பசியைப் போக்க அரசாங்கம் நல்லது செய்யாம இல்ல. 1956-ல காமராஜர் மதிய உணவு கொண்டு வந்தார். 1975-ல நாட்டுல அங்கன்வாடித் திட்டம் ஆரம்பிச்சது. 1980-ல உலக வங்கி உதவியோட, தமிழ்நாட்டுல சில மாவட்டங்கள்ல மூணு வயசுக்குள்ள பிள்ளைங்களை மாசாமாசம் எடை பார்த்தாங்க. 1982 ஜூலை 1-ல எம்.ஜி.ஆர். சத்துணவு. என் தங்கச்சி பால்வாடியில சாப்பிட ஆரம்பிச்சா. ஒரு வாய்ச் சோறு மிச்சமாச்சு. அந்த வருஷம் அம்மா கரைக்கு உக்காந்தாங்க, நைனா என்னை மறுபடியும் பள்ளிக்கு அனுப்பினார். பத்தாவது வரை படிச்சேன்.

1986-ல குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்துச்சு. நெசவும் அந்தப் பட்டியல்ல இருந்துச்சு. ஆனா குடும்பத்தோட சேர்ந்து செய்யுற பட்டறைக்கு விலக்கு குடுத்துட்டாங்க. எங்க தறிக்குழி எல்லாம் அந்த விலக்குல போச்சு. 1996-ல சிவகாசி வழக்குல உச்சநீதிமன்றம் ஒரு நல்ல வார்த்தை சொல்லுச்சு. பிள்ளையை வேலையிலிருந்து மீட்டா, வீட்ல பெரியவங்க ஒருத்தருக்கு வேலை குடுக்கப் பாருங்கன்னுச்சு. அப்பன் கை நிறைஞ்சாதான் பிள்ளை கை விடுபடும்னு கோர்ட்டுக்கும் புரிஞ்சிருக்கு.

இப்போ காலம் வேற. தறி குறைஞ்சுபோச்சு. பசங்க செய்யாறு சிப்காட், ஒரகடம்னு கம்பெனி பஸ் ஏறுறாங்க. என் மகன் விடியறதுக்குள்ள கிளம்பி, பிள்ளை தூங்கின பிறகு வர்றான். மத்திய அரசு ஊழியருக்குப் பிள்ளை பொறந்தா அப்பனுக்கும் 15 நாள் லீவு உண்டு. தறிக்காரனுக்கும் உழவனுக்கும் யார் குடுப்பா?

பேரனுக்கு எடை சரியா இருக்கு. முட்டை, சத்துமாவு எல்லாம் கிடைக்குது. பேச்சுதான் மெதுவா வருது. எடை போடத் தராசு இருக்கு, அப்பன் பேச்சை அளக்கத் தராசு இல்ல.

நைனா என்னைப் பக்கத்துல வச்சிருந்தார், வறுமை அதை வேலையா மாத்துச்சு. என் மகனுக்கு வேலை இருக்கு, பக்கத்துல இருக்க நேரம் இல்ல. ரெண்டு தலைமுறையிலயும் குறை அப்பன் மனசுல இல்ல, பிழைப்புலதான்.

மகன்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லியிருக்கேன். ஞாயித்துக்கிழமை போனை வீட்ல வச்சுட்டுப் பிள்ளையோட கழனிக்கு வா, நாத்துக்கட்டை அவனோட சேர்ந்து எண்ணுன்னு. போன வாரம் வந்தான். பேரன் மூணு வரைக்கும் எண்ணினான்.