காருகுறிச்சி நாதஸ்வரமும் கல்லூரி ஃபேஷன் படமும்

இப்போது கல்லூரி விழா என்றால் "பழைய காலத்து" ஃபேஷன் குறும்படம் ஒன்று கண்டிப்பாக உண்டு. பெல்பாட்டம், பஃப் கை ஜாக்கெட், ரெட்டைச் சடை எல்லாம் வந்துவிடும். பிறகு எடிட்டிங்கில் உட்கார்ந்து படத்தைப் பழுப்பாக்கி, கீறல் விழுந்த மாதிரி காட்டி, ஏதாவது ஒரு பழைய பாட்டை இணையத்திலிருந்து எடுத்துப் போட்டால் வேலை முடிந்தது. எந்தப் பாட்டு, யாருடைய பாட்டு என்று யாரும் கேட்பதில்லை. நம் திருநெல்வேலிப் பக்கத்துக் கதை ஒன்றை வைத்தே இதைப் பார்ப்போம்.

1931ல் "காளிதாஸ்" வந்தபோது நடித்தவர்களேதான் பாடினார்கள். 1938ல் ஏ.வி.மெய்யப்பனின் "நந்தகுமார்" படத்தில் லலிதா வெங்கட்ராமன் பின்னணி பாடினார். பாட்டை முதலில் பதிவு செய்து, படப்பிடிப்பில் அதை ஒலிக்கவிட்டு, அதற்கேற்ப வாயசைக்கும் முறை பரவியது இதன் பிறகுதான். இதனால் எடிட்டிங்கும் மாறியது. பாட்டின் நீளம் முன்பே முடிவாகிவிடும். படத்தைத்தான் அதற்குள் வெட்டி அடுக்க வேண்டும். இன்று நாம் பாட்டை டைம்லைனில் முதலில் போட்டுவிட்டுக் காட்சிகளை வெட்டுகிறோமே, அதுவும் இதே முறைதான்.

இந்த முறையின் உச்சம் என்று நான் சொல்வது 1962 பொங்கலுக்கு வந்த "கொஞ்சும் சலங்கை". எம்.வி.ராமன் இயக்கிய படம். "சிங்காரவேலனே தேவா" பாட்டில் ஜெமினி கணேசன் நாதஸ்வரம் வாசிப்பார், சாவித்திரி பாடுவார். நம் காதில் விழுவது எஸ்.ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரமும். ராகம் ஆபேரி.

அருணாசலத்தின் ஊர் சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் நடுவே உள்ள காருகுறிச்சி. அவர் டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். 1964ல், 43 வயதிலேயே காலமாகிவிட்டார். இசையமைத்த எஸ்.எம்.சுப்பையா நாயுடுவும் நம் பக்கம்தான், கடையநல்லூர்க்காரர். திரையில் இருவர் முகமும் இல்லை. ஆனால் அந்தக் காட்சி நிற்பது இவர்களால்தான்.

எடிட்டிங் கற்றுக்கொள்ளவும் இது நல்ல பாடம். குரல் ஒன்று கேட்க, நாதஸ்வரம் பதில் சொல்கிற மாதிரி போகும் பாட்டு இது. எங்கே ஒரு சங்கதி முடிகிறதோ அங்கேதான் வெட்டுவதற்கு இடம். தாளத்தின் ஒவ்வொரு அடிக்கும் வெட்டினால் சேலையின் கரையும் தெரியாது, இசையும் நிற்காது.

இன்னொரு விஷயம், அந்தப் படம் டெக்னிகலர். பழையது என்றாலே பழுப்பு நிறம் என்பது நாமாகக் கற்பனை செய்துகொண்டது.

சரி, இந்தப் பாட்டையே போட்டுக்கொள்ளலாமா? இங்கேதான் சட்டம் வருகிறது. 1957ம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு உரிமை வெளியான ஆண்டு முடிந்து 60 வருடம். 1962ல் வந்த ஒலிப்பதிவின் உரிமை 2022 முடிவோடு தீர்ந்தது. ஆனால் மெட்டுக்கும் வரிகளுக்கும் கணக்கு வேறு. படைத்தவர் இறந்த ஆண்டு முடிந்து 60 வருடம். சுப்பையா நாயுடு மறைந்தது 1979ல். ஆகவே மெட்டின் உரிமை 2039 வரை இருக்கிறது. பழைய பாட்டு என்றால் இலவசம் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டாவது கணக்கை மறந்துவிடுகிறார்கள்.

வழி இல்லாமல் இல்லை. முத்துசுவாமி தீட்சிதர் 1835ல் பக்கத்தில் உள்ள எட்டயபுரத்தில் காலமானவர். நெல்லை காந்திமதி அம்மன் மேல் அவர் "ஸ்ரீ காந்திமதீம்" என்ற கீர்த்தனையைச் செய்திருக்கிறார். அதற்கு யாரும் உரிமை கேட்க முடியாது. நம் ஊர்க் கோயில்களில் வாசிக்கும் நாதஸ்வரக் கலைஞர் ஒருவரை அழைத்து வாசிக்கச் சொல்லலாம். வாசிப்பவருக்கும் சட்டத்தில் தனி உரிமை உண்டு என்பதால் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும், சம்பளமும் தர வேண்டும். முதல் டைட்டிலிலேயே அவர் பெயரையும் போட வேண்டும்.

உடைக்கும் அப்படித்தான். வீரவநல்லூர்ச் செடிபுட்டா சேலைக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. காருகுறிச்சிக்கு அடுத்த ஊர். ரயிலில் போனால் அடுத்த ஸ்டேஷன். ஒரு ஊர் நெய்த சேலை, பக்கத்து ஊர் வளர்த்த வாத்தியம், இரண்டுக்கும் நடுவே தாமிரபரணிப் பாசனத்து வயல்கள். இவ்வளவும் கையருகே இருக்கும்போது கடன் வாங்கிய கீறலும் பழுப்பும் எதற்கு?

திரையில் வருபவர்களை நாம் மறப்பதில்லை. காருகுறிச்சியார் மாதிரி திரைக்குப் பின்னால் மூச்சைக் கொடுத்தவர்களை ஒரு மாணவர் படமாவது பெயர் சொல்லி நினைக்கட்டும். பழமைக்கு நாம் செய்யும் மரியாதை அதுதான் என்பது என் எண்ணம்.