காம்பராத் தரையின் ஈரம்

இலங்கையின் கொத்மலைத் தேயிலைத் தோட்டங்களின் பழைய லயக் காம்பராக்கள், அதாவது தொழிலாளர் வரிசைவீட்டு அறைகள், பெரும்பாலும் பத்துக்குப் பன்னிரண்டு அடி. தரை மண், சாணி மெழுகியது. குளிப்பதற்குத் தனி அறை இருக்கவில்லை, நீர் கொட்டும் பீலிக்கரைதான்.

மலைச்சரிவை வெட்டிக் கட்டிய வரிசைகள் இவை. தென்மேற்குப் பருவமழையில் மேட்டுப்பக்க நீர் சுவரடி வழியே தரைக்குள் கசியும். அந்த ஈரம் வெறும் அசௌகரியம் அல்ல. கழிப்பிடமின்றி அசுத்தமான ஈரமண்ணில் வளரும் கொக்கிப்புழு, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலேறி இரத்தத்தை உறிஞ்சிச் சோர்வடையச் செய்யும். 1916இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. மருந்தோடு கழிப்பிடங்களும் வேண்டும் என்று அது வலியுறுத்தியது. தொழிலாளரின் சோர்வைச் சோம்பல் என்று ஏசியவர்களுக்கு இந்தப் புழுவைவிடத் தெளிவான பதில் வேறில்லை.

பின்னாளில் காம்பராத் தரைக்குச் சிமெந்து வந்தது. பக்கத்தில் சிறு குளியலறையும் ஒட்டிக்கொண்டது. ஆனால் ஊறிய மண்மேல் சிமெந்து பூசினால் அது வெடித்துப் பெயரும். முதலில் மேட்டுப்பக்கத்தில் கான் (வடிகால்) வெட்டி நீரைத் திருப்ப வேண்டும். சேற்றை அள்ளி, காயவிட்டு, கல் இடித்துக் கெட்டியாக்கி, வாட்டத்தோடு பூச வேண்டும்.

2017இல் மலையகத்தின் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி, தோட்டத் தொழிலாளருக்கு மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அவை எழும்வரை லயத்தின் கான்களையாவது தோட்ட நிர்வாகங்கள் மழைக்கு முன்பே சீராக்கட்டும்.