பிம்ஸ்டெக்: பிரகடனத்திலிருந்து மின்கம்பி வரை

1997 ஜூன் 6 அன்று வங்கதேசம், இந்தியா, இலங்கை, தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளும் பாங்காக்கில் ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டன. வங்கக் கடலைச் சுற்றியுள்ள நாடுகள் பொருளாதாரத்தில் கைகோக்க வேண்டும் என்பதே அதன் சாரம். பார்வையாளராக வந்திருந்த மியான்மர் அதே ஆண்டு டிசம்பர் 22 அன்று உறுப்பினராயிற்று. ஆனால் பிரகடனம் வெளியாகி ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், ஜூலை 2 அன்று, தாய்லாந்து தன் நாணயமான பாட்டின் மதிப்பைத் தாங்கிப் பிடிக்க முடியாமல் கைவிட்டது. அங்கே தொடங்கிய சரிவு ஆசிய நிதி நெருக்கடியாகப் பரவியது. எல்லோரையும் அழைத்துக் கூட்டிய நாடே பன்னாட்டு நிதியத்தின் வாசலில் கடன் கேட்டு நின்றது. முதல் உச்சிமாநாடு கூடுவதற்கு ஏழு ஆண்டுகள் ஆயின.

இன்று பிம்ஸ்டெக் என்று அழைக்கப்படும் அந்த அமைப்பின் கதையை அதன் கூட்டங்களை மட்டும் வைத்து எழுதினால் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். 2004, 2008, 2014, 2018, 2022, 2025 என இருபத்தெட்டு ஆண்டுகளில் ஆறே உச்சிமாநாடுகள். டாக்காவில் நிரந்தரச் செயலகம் திறக்கப்பட்டது 2014 செப்டம்பரில். அமைப்புக்கு ஒரு சாசனம் கையெழுத்தானது 2022 மார்ச் 30 அன்று. அது நடைமுறைக்கு வந்தது 2024 மே 20 அன்று. ஆனால் இதே ஆண்டுகளில் இதே நாடுகளுக்கிடையே உளுந்தும் கருங்கல்லும் மின்சாரமும் எல்லை கடந்து போய்க்கொண்டுதான் இருந்தன. பின்னர் நேபாளமும் பூட்டானும் சேர ஏழான உறுப்பு நாடுகளும் ஒரே மேசையில் அமர்ந்து சுங்கவரியைப் பேசியபோதெல்லாம் இழுபறி. இரண்டு மூன்று அண்டை நாடுகள் ஒரு குறிப்பிட்ட சரக்குக்கு விலையும் வழியும் பேசி எழுதிக்கொண்டபோது வேலை நடந்தது. பிம்ஸ்டெக்கின் வரலாற்றை இந்த வேறுபாட்டிலிருந்துதான் படிக்க வேண்டும்.

இந்தக் கடலுக்குக் கூட்டுறவு புதிதல்ல. தாய்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள தாகுவா பாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒரு குளத்தைக் குறிப்பிட்டு, அதன் காவலை மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவிடம் ஒப்படைக்கிறது. கடல் கடந்து போனவர்கள் சரக்கை விற்றுவிட்டுத் திரும்பியதோடு நிற்கவில்லை; போன ஊரின் நீர்நிலைக்கும் பொறுப்பேற்றிருக்கிறார்கள். பிரிட்டிஷ் ஆட்சியில் போக்குவரத்து பெருவெள்ளமாயிற்று. 1840 முதல் 1940 வரை இரு திசைகளிலும் சேர்த்து ஏறத்தாழ 2.8 கோடிப் பேர் வங்கக் கடலைக் கடந்திருப்பார்கள் என்று வரலாற்றாசிரியர் சுனில் அம்ரித் கணக்கிட்டிருக்கிறார். பர்மா (இன்றைய மியான்மர்) நெல், இலங்கைத் தேயிலை, மலாயா ரப்பர் ஆகிய மூன்றும் அவர்களின் உழைப்பில் விளைந்தவை.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக நினைத்து ஏங்க வேண்டியதில்லை. 1930களின் பொருளாதார மந்தத்தில் கடனைக் கட்ட முடியாத பர்மிய உழவர்களின் நிலம் வட்டிக்குக் கொடுத்தவர்களிடம் போனது. 1937 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால் பங்கு நிலம் வட்டித்தொழில் செய்த நகரத்தார் கையில் இருந்தது. அந்தக் கசப்பு பின்னாளில் பர்மாவில் இருந்த எல்லா இந்தியர்கள் மீதும் விடிந்தது. 1937இல் பர்மா இந்திய ஆட்சியிலிருந்து பிரிக்கப்பட்டது. 1942இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையும் கடந்து நடந்தே வெளியேறினார்கள். பர்மா அரிசி நின்றுபோனது 1943 வங்கப் பஞ்சத்துக்கான காரணங்களில் ஒன்று. 1962இல் நெ வின் ஆட்சியைப் பிடித்து, கடைகளையும் ஆலைகளையும் அரசுடைமையாக்கியதும் மிச்சமிருந்த உறவும் அறுந்தது.

அறுந்த இடத்தில் ஓர் ஊர் முளைத்தது. மணிப்பூரின் எல்லையில், இம்பாலிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது மோரே. பர்மாவிலிருந்து வெளியேற்றப்பட்டுத் தமிழ்நாடு வந்த தமிழர்களில் ஒரு சாராருக்குத் தமிழ்நாட்டு வாழ்க்கை பிடிபடவில்லை. பிறந்து வளர்ந்த பர்மாவுக்கே தரைவழியாகத் திரும்பப் புறப்பட்டார்கள். பர்மா ராணுவம் எல்லையில் மறித்தது. போகவும் முடியாமல் திரும்பவும் மனமில்லாமல் மோரேயில் தங்கியவர்கள் அங்கே தமிழ்ச் சங்கம் வைத்தார்கள். அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில் எழுப்பினார்கள். பர்மிய மொழியும் இந்தியச் சந்தையும் ஒருசேரத் தெரிந்த அந்த மக்கள், அரசுகள் பேச்சைத் தொடங்கும் முன்பே எல்லை வணிகத்தை நடத்திக்கொண்டிருந்தார்கள். இந்தியாவும் மியான்மரும் 1994 ஜனவரியில் எல்லை வணிக உடன்பாடு செய்து, 1995 ஏப்ரலில் மோரே வழியை முறைப்படி திறந்தன. தொடக்கத்தில் அனுமதி 22 பொருள்களுக்குத்தான். கடைத்தெருவில் நடந்துகொண்டிருந்ததோ அதைவிடப் பன்மடங்கு.

1990களில் இந்த நாடுகள் ஒன்றையொன்று தேடியதற்குக் காரணங்கள் தெளிவானவை. சோவியத் ஒன்றியம் உடைந்து, அன்னியச் செலாவணி வற்றிய இந்தியா கிழக்கு நோக்கித் திரும்பியது. வளர்ச்சியின் உச்சத்தில் இருந்த தாய்லாந்து மேற்கே சந்தை தேடியது. 1985இல் தொடங்கிய சார்க் அமைப்பு இந்திய-பாகிஸ்தான் பகையில் சிக்கிக் கிடந்தது. பாகிஸ்தான் இல்லாத ஒரு மேடை இந்தியாவுக்கு வசதியாக இருந்தது. இந்தப் பிறவிக் குணம் பிம்ஸ்டெக்கை விட்டு அகலவே இல்லை. 2016 செப்டம்பரில் உரி ராணுவ முகாம் தாக்கப்பட்டு, இஸ்லாமாபாத்தில் நடக்கவிருந்த சார்க் மாநாடு நின்றுபோன அடுத்த மாதமே, கோவாவில் பிரிக்ஸ் கூட்டத்துக்கு விருந்தினராக பிம்ஸ்டெக் தலைவர்களை இந்தியா அழைத்தது. வேறொரு வீட்டில் சண்டை வந்தால் மட்டும் விளக்கேற்றப்படும் வீடுபோல இந்த அமைப்பு நடத்தப்பட்டது அதற்கு நேர்ந்த பெரிய குறை.

நேபாளமும் பூட்டானும் சேர்ந்து உறுப்பினர் எண்ணிக்கை ஏழான 2004ஆம் ஆண்டுதான் நம்பிக்கை மிகுந்த ஆண்டு. பிப்ரவரி 8 அன்று புகெட்டில் தடையற்ற வர்த்தகத்துக்கான சட்டக ஒப்பந்தம் கையெழுத்தானது. அன்று ஒதுங்கி நின்ற வங்கதேசம் சில மாதங்களில் சேர்ந்துகொண்டது. 2006 ஜூலை முதல் வரிகளைப் படிப்படியாகக் குறைப்பதாகத் திட்டம். அது இன்றுவரை நிறைவேறவில்லை.

ஏன் என்பதற்கு விடை பேச்சுவார்த்தையின் நுணுக்கங்களில் இருக்கிறது. வரிச்சலுகை கொடுக்கும் முன் ஒவ்வொரு நாடும் ஒரு கேள்வி கேட்கும்: இந்தப் பொருள் உண்மையில் உங்கள் நாட்டில் உருவானதுதானா, அல்லது வேறெங்கோ செய்ததைக் கொண்டுவந்து முத்திரை குத்தினீர்களா? எத்தனை விழுக்காடு மதிப்பு உள்நாட்டில் கூட்டப்பட்டிருந்தால் அது உள்நாட்டுப் பொருள் என்பதில் தொழில் முன்னேறிய தாய்லாந்துக்கும் துணிக்கு நூலையே இறக்குமதி செய்யும் நாட்டுக்கும் ஒரே விடை இருக்க முடியாது. இந்தியத் தொழில்துறைக்கு வேறோர் அச்சம். 2004 செப்டம்பரில் தாய்லாந்துடன் 82 பொருள்களுக்கு முன்கூட்டியே வரியைக் குறைத்த பிறகு, அதுவரை இந்தியாவுக்குச் சாதகமாக இருந்த வர்த்தகக் கணக்கு தாய்லாந்தின் பக்கம் சாய்ந்தது. 2010இல் ஆசியான் அமைப்புடன் இந்தியா செய்த சரக்கு வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது; தாய்லாந்தும் மியான்மரும் அதற்குள்ளேயே அடங்கிவிட்டன. இலங்கையுடன் 2000 முதலே தனி ஒப்பந்தம் இருந்தது. பெரிய சந்தைகளுக்கெல்லாம் வேறு கதவுகள் திறந்துவிட்ட பின், ஏழு நாட்டு ஒப்பந்தத்துக்காக விட்டுக்கொடுக்க யாருக்கும் அவசரம் இல்லை. சுமார் 170 கோடி மக்கள் வாழும் இந்த ஏழு நாடுகளும் தமக்குள் செய்யும் வர்த்தகம் மொத்த வர்த்தகத்தில் பத்து விழுக்காட்டை எட்டவில்லை. ஆசியானில் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல்.

மேசைக்கு வெளியே நடந்தது வேறு. தமிழ்நாட்டு இட்லிக்கு ஊறும் உளுந்தில் ஒரு பகுதி ரங்கூனிலிருந்து கப்பலில் சென்னைத் துறைமுகம் வருகிறது. பாகோ, ஐராவதி வட்டாரங்களில் நெல் அறுத்த வயலில் விதைக்கப்படும் உளுந்தை மியான்மர் மக்கள் அதிகம் உண்பதில்லை; விளைவிப்பதே பெரும்பாலும் இந்தியாவுக்காக. ஒருவரையொருவர் இவ்வளவு நம்பியிருக்கும் இடத்தில் ஒரு அரசாணை என்ன செய்யும் என்பதை 2017 காட்டியது. உள்நாட்டில் பருப்பு விளைச்சல் பெருகி விலை சரிந்ததும், அந்த ஆகஸ்டில் இந்தியா துவரைக்கு ஆண்டுக்கு 2 லட்சம் டன், உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து 3 லட்சம் டன் என இறக்குமதிக்கு வரம்பு விதித்தது. இந்திய உழவரைக் காக்க எடுத்த முடிவு அது. அடியோ எந்தக் கூட்டத்திலும் குரல் இல்லாத மியான்மர் உழவர் மீது விழுந்தது. அடுத்தடுத்த அறுவடைகளில் அங்கே விலை தரைதட்டியது. 2021 ஜூனில் இரு நாடுகளும் ஐந்தாண்டுப் புரிந்துணர்வு செய்துகொண்டன: தனியார் வணிகம் வழியாக ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் உளுந்து, 1 லட்சம் டன் துவரை. எழுதிவைத்த ஓர் அளவு இருந்தால்தான் விதைப்பவருக்கு ஒரு தைரியம். இருபதாண்டு சுங்கப் பேச்சு தராத அந்தத் தைரியத்தை இந்த உடன்பாடு ஓரளவு தந்தது.

பூட்டான் கருங்கல்லின் கதை இன்னும் அழகானது. ஆற்று வண்டல் படிந்து உருவான வங்கதேசத்தில் பாலம் கட்டவும் சாலை போடவும் போதிய கல் கிடைப்பதில்லை. பூட்டானில் மலைதோறும் கல். 2019 ஜூலையில் புன்ட்ஷோலிங்கிலிருந்து லாரிகளில் அசாமின் துப்ரிக்கு வந்த 1,000 டன் ஜல்லி, அங்கே கப்பலேறி பிரம்மபுத்திரா வழியாக வங்கதேசத்தின் நாராயண்கஞ்சுக்குப் போனது. கடலே இல்லாத ஒரு நாட்டின் சரக்கு இன்னொரு நாட்டின் ஆற்றில் மிதந்து மூன்றாம் நாட்டில் இறங்கியது. 2020 டிசம்பரில் பூட்டானும் வங்கதேசமும் தங்களுக்குள் முன்னுரிமை வர்த்தக ஒப்பந்தமும் செய்துகொண்டன.

சாலைகளுக்கு இந்த நல்லூழ் வாய்க்கவில்லை. மோரேயிலிருந்து மியான்மர் வழியாகத் தாய்லாந்தின் மே சோட் வரை சுமார் 1,360 கிலோமீட்டர் நீளும் முத்தரப்பு நெடுஞ்சாலை 2002 முதல் பேசப்படுகிறது. மியான்மருக்குள் தமுவிலிருந்து கலேவா வரை பழைய பாலங்கள் 69-ஐ மாற்ற வேண்டியிருந்தது. அந்த வேலையே நகராமல் கிடந்தபோது, 2021 பிப்ரவரியில் மியான்மர் ராணுவம் ஆட்சியைப் பிடித்து உள்நாட்டுப் போர் மூண்டது. இந்தப் பக்கம் 2023 மே மாதம் மணிப்பூரில் வெடித்த இனக்கலவரம் மோரேயையும் விட்டுவைக்கவில்லை. தமிழர், குக்கி, மெய்தேய், நேபாளி எனப் பல மக்கள் சேர்ந்து வளர்த்த சந்தை அடங்கிப்போனது. கொல்கத்தாவையும் மிசோரமையும் மியான்மர் வழியாக இணைக்கும் கலாதான் திட்டத்திலும் இதே நிலைதான். 2023 மே 9 அன்று சிமெண்டு ஏற்றிய முதல் கப்பல் சிட்வே துறைமுகத்தை அடைந்தது. எட்டே மாதத்தில், அங்கிருந்து ஆற்றுவழியாகச் சரக்கு போய்ச் சேர வேண்டிய பலெட்வா நகரம் கிளர்ச்சிப் படையான அரக்கான் படையின் கைக்குப் போய்விட்டது.

கடல்வழியில் இன்னும் வாய்ப்பு இருக்கிறது. தாய்லாந்தின் பெரிய துறைமுகமான லாம் சபாங் தாய்லாந்து வளைகுடாவில் இருப்பதால், சென்னைக்கு வரும் சரக்கு தெற்கே இறங்கி மலாக்கா நீரிணையைச் சுற்ற வேண்டும். வங்கக் கடலை நேராகப் பார்த்து நிற்பது அந்தமான் கரையிலுள்ள ரனோங். 2019 நவம்பரில் விசாகப்பட்டினத்தில் நடந்த பிம்ஸ்டெக் துறைமுகக் கூட்டத்தில் ரனோங்குடன் சென்னை, விசாகப்பட்டினம், கொல்கத்தா துறைமுகங்கள் புரிந்துணர்வு செய்துகொண்டன. பத்து முதல் பதினைந்து நாள் பயணத்தை ஏழு நாளாகக் குறைக்கலாம் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் கப்பல் நிறுவனம் போகும்போதும் வரும்போதும் நிறைசரக்கு கிடைக்கிறதா என்றுதான் பார்க்கும். அதை உறுதிசெய்யும் வேலை துறைமுக அதிகாரிகளால் மட்டும் ஆவதல்ல.

2025 ஏப்ரல் 4 அன்று ஆறாவது உச்சிமாநாடு பாங்காக்கில் கூடியபோது, ஒரு வாரம் முன்பு மியான்மரை உலுக்கிய நிலநடுக்கத்தின் அதிர்ச்சி அந்த நகரத்திலும் இருந்தது. கடல் போக்குவரத்து ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்தியப் பிரதமர் நரேந்திர மோதியும் வங்கதேசத்தின் அப்போதைய இடைக்கால அரசின் தலைமை ஆலோசகர் முகமது யூனுசும் சந்தித்தார்கள். நான்கு நாள் கழித்து, வங்கதேசச் சரக்குகள் இந்திய விமான நிலையங்கள், துறைமுகங்கள் வழியாக மூன்றாம் நாடுகளுக்குப் போக 2020 முதல் இருந்த வசதியை இந்தியா விலக்கிக்கொண்டது. அடுத்த வாரம் தரைவழியாக வரும் இந்திய நூலுக்கு வங்கதேசம் தடை போட்டது. மே மாதம் வங்கதேச ஆயத்த ஆடைகளுக்குத் தரைவழியை இந்தியா மூடியது. இரு பக்கமும் இழப்பு நூற்பாலைக்கும் தையல் தொழிலாளிக்கும்தான்.

இந்தக் கசப்புக்கு நடுவே ஓர் ஒப்பந்தம் குலையாமல் நின்றது. ஒருகாலத்தில் குளிர்காலத்தில் நாளின் பெரும்பகுதி மின்வெட்டில் தவித்த நேபாளத்தில் இப்போது மழைக்காலத்தில் நீர்மின்சாரம் மிஞ்சுகிறது. 2024 அக்டோபர் 3 அன்று நேபாள மின்சார ஆணையம், வங்கதேச மின் மேம்பாட்டு வாரியம், இந்தியாவின் என்டிபிசி வித்யுத் வியாபார் நிகாம் ஆகிய மூன்றும் காத்மாண்டுவில் கையெழுத்திட்டன: ஆண்டுதோறும் ஜூன் 15 முதல் நவம்பர் 15 வரை 40 மெகாவாட், ஒரு யூனிட்டுக்கு 6.4 அமெரிக்க சென்ட், ஐந்து ஆண்டுகள். மின்சாரம் தல்கேபர்-முசாபர்பூர் தடத்தில் இந்தியாவுக்குள் வந்து, பஹரம்பூர்-பேராமாரா இணைப்பு வழியாக வங்கதேசத்துக்குள் போகிறது. 2025 ஜூன் 15 அன்று, தரைவழி வர்த்தகத்தில் இந்தியாவும் வங்கதேசமும் முட்டிக்கொண்டிருந்த அதே நாள்களில், ஒப்பந்தத்தில் எழுதிய தேதி தவறாமல் மின்சாரம் பாய்ந்தது. வங்கதேசத்தின் தேவைக்கு 40 மெகாவாட் மிகச் சிறிது. நேபாளத்திடம் விற்க இன்னும் இருக்கிறது. ஆனால் பேராமாரா இணைப்பின் திறன் 1,000 மெகாவாட்தான், அதிலும் பெரும்பகுதி இந்திய மின்சாரத்துக்கே போகிறது. மின்தொகுப்புகளை இணைக்க 2018இல் காத்மாண்டு மாநாட்டில் ஏழு நாடுகளும் கையெழுத்திட்ட புரிந்துணர்வு கையில் இருக்கிறது. அதன்கீழ் முதலில் எடுக்க வேண்டியது நேபாளத்துக்கும் வங்கதேசத்துக்கும் இடையே இந்திய மண் வழியாக ஒரு தனித் தடம்: யார் கட்டுவது, என்ன கட்டணம், எத்தனை ஆண்டுக்கு என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் விடையோடு.