சரம் எங்கே முடிகிறது?

ஜம்பைக் கல்வெட்டில் முற்றுப்புள்ளி கிடையாது. எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், திருக்கோவிலூர் பக்கம், 1981-ல் கண்டறியப்பட்ட தமிழ்-பிராமி வரி அது. ‘ஸதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி ஈத்த பாளி’ என்று சொல் பிரித்துப் படித்தவர்கள் நம் காலத்து அறிஞர்கள். அசோகன் சொல்லும் சதியபுதர்கள் அதியமான் மரபினரே என்பதற்கு வலுவான சான்று. (அஞ்சி என்பது பெயரென்று தெரியாதவர் ‘பயந்துபோய்க் கொடுத்தது’ என்றும் படித்துவிடலாம்!) ஆனால் எழுத்து எங்கே தீர்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. பாறை கண்முன்னே நிற்கிறது.

கம்ப்யூட்டர் நினைவகத்தில் அந்த வசதி இல்லை. ஒரு எழுத்துச்சரம் முடிந்த மறுகணம் வேறு எதன் சரக்கோ தொடங்கிவிடும். 1960-களின் பிசிபிஎல் மொழி, சரத்தின் முன்னாலேயே அதன் நீளத்தை எழுதிவைத்தது. கென் தாம்ப்சனின் பி மொழியில் அது போய், கடைசியில் ஒரு முடிவுக்குறி வந்தது. எட்டொன்பது பிட்டுக்குள் பெரிய நீளம் அடங்காது, எண்ணிக்கையைப் பராமரிப்பதும் தொல்லை என்று பின்னாளில் காரணம் சொன்னார் டென்னிஸ் ரிட்சி. அவருடைய சி மொழியில் அந்தக் குறி பூஜ்ய பைட் ஆனது. ரெகுலர் எக்ஸ்பிரஷனைத் தேட 1968-ல் வழிமுறை எழுதியவரும் இதே தாம்ப்சன்தான். பிற்பாடு வந்த போசிக்ஸ் தரத்தின் ‘ரெகெக்ஸெக்’ இரண்டையும் முடிச்சுப்போட்டது: பூஜ்யம் வரும்வரை தேடு.

பூஜ்யமே வராவிட்டால்?

நான் தினமும் புழங்கும் கிட் மென்பொருள், கோப்பைச் சில வேலைகளுக்கு அப்படியே நினைவகத்தில் விரித்துக்கொள்ளும். கோப்பின் முடிவில் யாரும் பூஜ்யம் வைப்பதில்லை. இருந்தும் தேடல் ஓடியது. நினைவகம் பக்கம் பக்கமாக, பொதுவாக 4096 பைட்டாக, ஒதுக்கப்படுகிறது. கடைசிப் பக்கத்தின் மிச்ச இடத்தை இயங்குதளம் பூஜ்யத்தால் நிரப்பிவிடும். கோப்பின் அளவு சரியாக 4096-இன் மடங்கு என்றால் மிச்சமே இருக்காது. தேடல் எல்லை தாண்டும், நிரல் செத்து விழும். வருஷக்கணக்கில் அது ஓடிக்கொண்டிருந்ததுதான் எனக்குப் பயம் தருகிறது.

2016-ல் ஜோஹன்னஸ் ஷிண்டலின் இதைச் சரிசெய்தார். தொடக்கமும் முடிவும் இன்ன இடம் என்று எண்ணாகவே சொல்லிவிடும் ‘ரெக்-ஸ்டார்ட்-எண்ட்’ வசதி, ஹென்றி ஸ்பென்சரின் பிஎஸ்டி நூலகத்தில் முன்பே இருந்தது. அது இல்லாத கணினிகளில் கிட் தன்னோடு கொண்டுவரும் ரெகெக்ஸ் பிரதியைப் பயன்படுத்தும். பிலிப் ஹேசல் 1997-ல் எழுதத் தொடங்கிய பிசிஆர்ஈ நூலகமோ நீளத்தைக் கேட்டுத்தான் தேடும்.

தேடப்படும் சரத்துக்கு இப்படி ஒரு வழி பிறந்தது. தேடும் வடிவத்தைப் போசிக்ஸின் ‘ரெக்காம்ப்’ கையில் கொடுக்கும்போது மட்டும், கடைசியில் பூஜ்யத்தை வைத்துத்தான் கொடுக்கவேண்டும்.