கோவிவன் முதல் குவி வரை: நாயைப் பழக்குவது எதன் பொருட்டு?

மனிதன் தன் வாழ்வுக்குத் துணையாகச் சேர்த்துக்கொண்ட விலங்குகள் பல. யானையைக் குழியில் வீழ்த்திப் பிடித்தான். காளைக்கு மூக்கணாங்கயிறு இட்டான். குதிரைக்குக் கடிவாளம் பூட்டினான். இவற்றுக்கெல்லாம் முன்னரே அவனோடு வந்து சேர்ந்தது நாய். ஜெர்மனியில் பான் நகரை அடுத்த ஓபர்காசல் என்னுமிடத்தில், மனிதரோடு ஒரே குழியில் புதைக்கப்பட்ட நாயின் எலும்புகள் 1914-இல் கிடைத்தன. அவற்றின் வயது ஏறத்தாழ 14,000 ஆண்டுகள் என்பர். உழவு தோன்றுவதற்கு முன்பே தோன்றிய நட்பு இது.

இத்துணைப் பழைய நட்புக்குப் பயிற்சி எதற்கு? இன்று இவ்வினாவுக்கு இருவகை விடை கூறுவோர் உளர். வீட்டுக்கு வருவோர் மேல் பாயாமலும், தெருவில் இழுத்துக்கொண்டு ஓடாமலும், அழைத்தவுடன் வந்து நிற்கவும் பழக்கினாற் போதும் என்பர் ஒரு சாரார். போட்டியில் நிறுத்திப் பட்டமும் கேடயமும் பெறுவதே பயிற்சியின் முடிவு என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டும் எங்கிருந்து பிறந்தன, இவற்றுக்கு அடியில் நிற்பது யாது என்பதை வரலாற்றின் துணைகொண்டு சற்றே ஆராய்வோம்.

தமிழகத்தில் நாய்க்குப் பெயர் சூட்டிச் சிறப்புச் செய்தமைக்குக் கல்லிலேயே சான்று உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் உள்ள நடுகல் ஒன்று முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது ஏழாம் நூற்றாண்டினது. எருமைகளின் பொருட்டு நிகழ்ந்த பூசலில் உயிர்நீத்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுத்த கல் அது. அவன் உருவத்தருகே ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் எழுத்துகள் தெரிவிக்கின்றன. கோவிவன் எந்த அரங்கிலும் பரிசு பெற்றதன்று. தன் தலைவனுடைய மந்தை எது, அயலார் எவர் என்று அறிந்திருந்தது, அறிந்தவாறு நின்றது. அதற்காகவே ஊரார் அதன் பெயரைக் கல்லில் பொறித்தனர்.

இந்தப் பழைய முறை நெடுங்காலம் நிலைத்திருந்த நிலப்பகுதிகளுள் மேற்குத் தொடர்ச்சி மலையின் இருபுறமும் ஒன்று. இன்று கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்கள் தமிழகத்தைத் தொடும் எல்லை அது. பாலக்காடு 1956 வரை சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்து, தமிழர் கிளர்ச்சிக்குப் பின்னும் அதே ஆண்டில் கேரளத்தோடே நின்றன. பின்னர் 1972-இல் இடுக்கி மாவட்டம் உருவானபோது அவ்வட்டங்கள் அதனுள் அடங்கின. கோடு புதிது, மக்கள் பழையவர். சிற்றூரிலும் கொழிஞ்சாம்பாறையிலும் மூணாற்றிலும் இன்றும் தமிழ் ஒலிக்கிறது.

அவ்வெல்லையில் ஒரு சொல் நம் கருத்தை ஈர்க்கிறது. மலையாளத்தில் நாயைப் பட்டி என்பர். தமிழிலோ பட்டி என்பது ஆடுமாடுகளை அடைக்கும் தொழுவம். அத்தொழுவத்தைக் காப்பதைப் பட்டி நாய் என்று நம் ஊர்களில் வழங்குகிறோம். இருமொழிச் சொல்லும் ஒரே வேலியருகே வந்து நிற்பது போன்ற தோற்றம்!

மலையின் கீழ்ப்புறத்தில், தேனி மாவட்டத்து உத்தமபாளையத்தை அடுத்துள்ளது கோம்பை. அவ்வூரின் பெயராலேயே வழங்கும் கோம்பை நாய் செம்பழுப்பு நிறமும், கரிய முகவாயும், வலிய தாடையும் உடையது. மலையடிவாரத்துத் தோட்டங்களுக்கும் வீடுகளுக்கும் காவலாக நின்ற இனம் அது. வேட்டைக்கும் துணை சென்றது. தெற்கே இராசபாளையம் தன் பெயரில் வெண்ணிற நாயினத்தைத் தந்தது. கோவில்பட்டி, கழுகுமலை வட்டாரத்தின் கரிசல் வெளியில் கன்னியும் சிப்பிப்பாறையும் முயலைத் துரத்தி ஓடின. இவ்வினங்களின் வரலாற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி நிலைநிறுத்தியவர்களுள் சு. தியடோர் பாஸ்கரன் முக்கியமானவர்.

இந்நாய்களைப் பழக்கிய பள்ளிக்கூடம் யாது? தனியாக ஒன்றும் இல்லை. குட்டி முதிர்ந்த நாயோடு மந்தைக்குச் சென்றது. அது நின்ற இடத்தில் நின்றது, குரைத்த பொழுதில் குரைத்தது. இடையன் அல்லது வேட்டுவனின் சீழ்க்கை ஒலியே பாடம். ஆட்டுக்குட்டியைக் கடித்த நாய் மந்தையில் தங்காது. ஆகவே ஒழுக்கம் என்பது அங்கு அலங்காரமன்று, பிழைப்பின் நிபந்தனை.

மலைமேல் தேயிலையும் காப்பியும் பயிரிட வந்த ஆங்கிலேயர் வேறொரு மரபைக் கொண்டுவந்தனர். உதகையில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அயல்நாட்டு வேட்டை நாய்களின் கூட்டம் ஒன்று அமைந்தது. இங்கிலாந்தில் அவை நரியைத் துரத்தின. நீலகிரிப் புல்வெளியிலோ குள்ளநரியைத் துரத்தின. அதே காலத்தில் அவர்தம் தாயகத்தில் நாய்க்கண்காட்சி என்னும் வழக்கம் வேரூன்றியது. 1859-இல் நியூகாசில் நகரில் நடந்ததை முதற்கண்காட்சி எனக் கொள்வர். 1873-இல் இலண்டனில் கென்னல் கிளப் தோன்றியது. அதே ஆண்டில் வேல்ஸ் நாட்டின் பாலா என்னும் ஊரில், ஆட்டைக் கூட்டிச் சேர்க்கும் நாய்களுக்கு ஒரு போட்டி நடந்தது. ஒன்று அழகை அளந்தது. மற்றது அறிவை அளந்தது. இவ்விரு வழிகளும் அன்று பிரிந்தவை இன்றுவரை முற்றும் கூடவில்லை.

ஜெர்மனியில் மாக்ஸ் வான் ஸ்டெபானிட்ஸ் என்பவர் 1899-இல் ஆட்டிடையர் நாய்க்கென ஒரு சங்கம் கண்டார். மேய்ச்சல் தொழில் சுருங்குவதைக் கண்ட அவர், வேலை போனால் இனத்தின் அறிவும் போகும் என அஞ்சி, அந்நாய்களைக் காவல் துறைப் பணிக்குத் திருப்பினார். நாம் அல்சேஷன் என்றழைக்கும் இனம் அது. அவற்றின் திறனைச் சோதிக்கத் தேர்வுகள் வகுக்கப்பட்டன. அங்கே பட்டம் என்பது பெருமைக்கு மட்டும் உரியதன்று. திறன் அழியாமல் காக்கும் வேலி.

அமெரிக்காவில் இக்கதை வேறு விதமாக நடந்தது. ஹெலன் ஒயிட்ஹவுஸ் வாக்கர் என்னும் அம்மையார் பூடில் என்னும் சுருள்மயிர் நாய்களை வளர்த்தார். அவற்றை வெறும் அலங்காரப் பொம்மைகள் எனப் பிறர் ஏளனம் செய்தனர். அறிவிலும் அவை குறைந்தவையல்ல என்று காட்ட விரும்பிய அவர், 1933-இல் நியூயார்க் மாநிலத்து மவுண்ட் கிஸ்கோவில் கீழ்ப்படிதல் போட்டி ஒன்றை நடத்தினார். அதில் கலந்துகொண்ட நாய்கள் எட்டே. மூன்று ஆண்டுகளில், 1936-இல், அமெரிக்கக் கென்னல் கிளப் அப்போட்டியை ஏற்று விதிகள் வகுத்தது. இவ்வாறே 'துணை நாய்' முதலிய பட்டங்கள் பிறந்தன. ஏளனத்துக்கு மறுமொழியாகத் தோன்றியது பட்டம் என்பதை இங்கு நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

இந்தியாவுக்கு மீள்வோம். விடுதலைக்குப் பின் காவல் துறைகளிலும் படைகளிலும் நாய்ப் பயிற்சி விரிந்தது. மீரட்டில் இராணுவமும், 1970 முதல் குவாலியரை அடுத்த டெக்கன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படையும் பயிற்சி அளிக்கின்றன. கேரளக் காவல் துறை திருச்சூரில் நாய்களைப் பயிற்றுகிறது. நம் நாட்டினங்களுக்கோ அதே காலத்தில் ஓர் இடையூறு நேர்ந்தது. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. காட்டுக்கு அது நன்மை, ஐயமில்லை. ஆயினும் வேட்டையையே தொழிலாகக் கொண்ட கன்னிக்கும் சிப்பிப்பாறைக்கும் வேலை போயிற்று. ஜெர்மானியர் தம் இடையர் நாய்க்கு வேறு வேலை தேடிக் கொடுத்தனர். நாம் அவ்வாறு செய்யவில்லை. சென்னை சைதாப்பேட்டையில் அரசு தொடங்கிய நாய் இனப்பெருக்க நிலையமும், கண்காட்சி ஆர்வலரும் இவ்வினங்களின் உருவத்தைக் காத்தனர். 2005-இல் அஞ்சல் துறை நாட்டு நாய்களுக்கு வெளியிட்ட தலைகளுள் இராசபாளையமும் ஒன்று. 2020 ஆகஸ்டு 30 அன்று பிரதமர் தம் வானொலி உரையில் இராசபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என நான்கையும் பெயர் கூறிக் குறிப்பிட்டார். உருவம் நின்றது, தொழில் நிற்கவில்லை. ஓடாத கன்னி நாய் உழாத ஏரைப் போன்றது.

பயிற்சி பெற்ற நாய் செய்வது என்ன என்பதையும் பார்ப்போம். மனிதனுடைய மூக்கில் மணமறியும் உயிரணுக்கள் ஏறத்தாழ 50 லட்சம் என்பர். நாய்க்கோ அவை 10 கோடிக்கும் மிகுதி. இந்த ஆற்றலை நாம் கற்பிக்க முடியாது. அது பிறவியிலேயே உள்ளது. கற்பிப்பது ஒன்றே: கண்டதை நமக்குச் சொல்லும் முறை. முதலில் குட்டிக்கு விருப்பமான பந்தோடு குறிப்பிட்ட மணத்தைச் சேர்த்து ஒளித்து வைப்பர். பின்னர் மணத்தை மட்டும் வைப்பர். அதைக் கண்டு குரைத்தால், அல்லது அமர்ந்தால், உடனே பந்து கையில் கிடைக்கும். நாய்க்கு அது கடமையன்று, விளையாட்டு. 1910-இல் வெளிவந்த கான்ராட் மோஸ்டின் நூல் முதலான பழைய பயிற்சி நூல்கள் கண்டிப்பையும் வற்புறுத்தலையும் பெரிதும் நம்பின. இன்றைய பயிற்சி பரிசையே பெரிதும் நம்புகிறது. அடிக்கு அஞ்சிய நாய் பணிந்து நிற்கும். விரும்பித் தேடாது என்பதே அனுபவம் தந்த பாடம்.

இந்தப் பாடத்தின் பொருளை இடுக்கி எல்லையிலேயே ஒரு பெருந்துயரம் உணர்த்திற்று. 2020 ஆகஸ்டு 6 அன்று இரவு, மூணாற்றை அடுத்த இராஜமலைப் பகுதியின் பெட்டிமுடியில் மலை சரிந்தது. லயம் எனப்படும் வரிசை வீடுகளில் உறங்கிய தேயிலைத் தோட்டத் தொழிலாளரும் குடும்பத்தினருமாக 70 பேர் மாண்டனர். அவர்களுட் பலர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு வட்டாரத்தை வேராகக் கொண்ட தமிழர். பிழைப்புத் தேடிப் பிற மாநிலத்தில் வாழும் நம் நேயர்க்கு அச்செய்தி அயலார் செய்தியாக இருந்திராது.

மீட்புப் படையினரோடு காவல் துறையின் பயிற்சி பெற்ற நாய்களும் சேற்றிலும் பாறையிலும் தேடின. அவற்றோடு, எவரும் அழைக்காமலே, ஒரு நாட்டு நாயும் தேடியது. அதன் பெயர் குவி. எட்டு நாள் கழித்து, ஆற்றோட்டத்தை உற்று நோக்கியவாறு அது நகராமல் நின்றது. அவ்விடத்தைத் தேடியவர்கள் இரண்டு வயதுக் குழந்தை ஒன்றின் உடலைக் கண்டெடுத்தனர். குவி அந்தக் குழந்தையோடு விளையாடி வளர்ந்த வீட்டு நாய். பின்னர் இடுக்கி மாவட்டக் காவல் துறையின் நாய்ப் பிரிவினர் அதை அழைத்துச் சென்று பேணினர். 2021-இல் அக்குடும்பத்தில் எஞ்சிய பாட்டியிடம் அது திரும்ப வந்தது.

குவிக்குப் பட்டம் இல்லை, பயிற்சியும் இல்லை. அவ்வாறாயின் பயிற்சி வீண் என்று கூறலாமா? கூறலாகாது. குவி தேடியது தான் அறிந்த ஒரு குழந்தையை. தான் அறியாத எழுபது பேரையும் தேடுவதற்குப் பயிற்சி பெற்ற நாய் வேண்டும். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகள் சரிந்தபோது, மாயா, மர்பி என்னும் காவல் துறை நாய்கள் தமக்கு யாதோர் உறவும் இல்லாதாரை மண்ணுக்கடியில் தேடின. அன்பு ஒருவருக்கு மட்டும் உரியதாய் இருப்பதை ஊருக்குப் பொதுவாக்குவதே பயிற்சி. அன்பில்லாத இடத்தில் பயிற்சிக்குப் பற்றுக்கோடு இல்லை. பயிற்சியில்லாத இடத்தில் அன்பு வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை.

இந்நோக்கில் பார்த்தால் நாம் தொடக்கத்தில் கண்ட இரு சாராரும் ஒரே ஏணியின் இரு படிகளில் நிற்பவரே. ஒழுக்கம் முதற்படி. மும்பையிலோ பெங்களூரிலோ தில்லியிலோ அடுக்குமாடியில் நாய் வளர்க்கும் நம் அன்பர்க்கு அதுவே இன்றியமையாதது. மாடிப்படியில் எதிர்ப்படும் குழந்தை அஞ்சாமல் இருக்க வேண்டும். அண்டை வீட்டு முதியவர் உறக்கம் கெடலாகாது. உரிமமும் வெறிநோய்த் தடுப்பூசியும் தவறலாகாது. அயல் மொழி பேசும் தெருவில் நம் நாயின் நடத்தையும் நம் நடத்தையாகவே எண்ணப்படும். உட்கார், நில், வா என்னும் மூன்று சொற்களை நாள்தோறும் பத்து நிமிடம், பொறுமையோடும் சிறு தின்பண்டத்தோடும் கற்பித்தால், நகர வாழ்வின் பாதிப் பூசல் தானே தீரும். அச்சொற்கள் தமிழாகவே இருக்கலாம். நாய்க்கு மொழி எல்லை இல்லை.

பட்டம் அடுத்த படி. விருப்பமும் நேரமும் உடையோர் அதில் ஏறுவது நன்றே. இந்தியக் கென்னல் கிளப் கண்காட்சியோடு கீழ்ப்படிதல் தேர்வுகளையும் நடத்துகிறது. கோம்பையையும் கன்னியையும் அழகுக்கு மட்டும் நிறுத்தாமல் அறிவுக்கும் ஓட்டத்துக்கும் நிறுத்தும் நாள் வந்தால், நம் நாட்டினங்கள் இழந்த வேலையில் ஒரு பகுதியேனும் மீளும். ஆயின் கேடயத்தின் பொருட்டு நாயை வருத்துவோர் ஏணியைத் தலைகீழாக நிறுத்துகின்றனர்.

எடுத்தனூர்க் கல்லை நட்டவர் கோவிவன் எத்துணை அழகியது என்று எழுதவில்லை. காத்து நின்றது என்றே எழுதினர். நாயைப் பழக்குவோர்க்கு ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக அந்த அளவுகோல் மாறவில்லை. நம்மோடு வாழ்வதற்கும், தேவை நேர்ந்தபோது நமக்கும் பிறர்க்கும் துணை நிற்பதற்கும் நாயைத் தகுதியாக்குவதே பயிற்சி. அத்தகுதி வாய்த்த பின் பட்டம் வந்தால் வரட்டும், வாராவிடினும் குறைவில்லை.