உம்மும்மாவின் கொப்பி

ஒட்டுசுட்டானைப் பற்றி எழுதுகிறவர்கள் தான்தோன்றீஸ்வரர் கோயிலில் தொடங்குவது வழக்கம். குரக்கன் ஒட்டைக் குவித்துச் சுட்டபோது லிங்கம் வெளிப்பட்டதாம், அதனால் ஊருக்கு அந்தப் பெயராம். இந்தக் கதையை நான் முதலில் கேட்டது என் உம்மும்மாவின் வாயால்தான். அந்தப் பக்கத்தில் எங்கட ஆக்கள் செறிந்து வாழ்ந்தது முள்ளியவளையை அடுத்த தண்ணீரூற்றிலும் நீராவிப்பிட்டியிலும். ஒட்டுசுட்டானில் கணவர் கடை போட்டதால் உம்மும்மா அங்கே குடிவந்தார். கடையும் வயலும் ஏழு பிள்ளைகளும் அவருடைய கையில்தான் ஓடின. கடை வருமானத்தில் வாங்கிய வளவு அவர் பெயரில் எழுதப்பட்டது. எங்கள் குடும்பத்தில் காணி பெண் வழியாகத்தான் போகும்.

உம்மும்மா பள்ளிக்கூடம் போனதில்லை. தமிழ் எழுத்துத் தெரியாது. ஆனால் தமிழ் எழுதுவார், அறபுத் தமிழில். அறபு எழுத்துகளுக்குக் கூடுதல் புள்ளியும் குறியும் இட்டுத் தமிழ் ஒலிகளை எழுதும் முறை அது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அந்த எழுத்தில் எழுதிய ‘பத்ஹுத் தய்யான்’ போன்ற நூல்களைக் கொண்டு மார்க்கம் படித்த பெண்கள் கடலின் இரு கரையிலும் இருந்தார்கள். நான் தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்த காலத்தில் அறபுத் தமிழுக்கு விரிவுரையில் கால் மணித்தியாலம் கிடைத்தது. குடிசன மதிப்பில் உம்மும்மா எழுத்தறிவற்றவர் என்றே பதிவாகியிருப்பார்.

அவரிடம் ஒரு தடித்த சீ.ஆர். கொப்பி இருந்தது. பிறப்பு, மௌத்து, நெல் கடன், யாருக்கு எவ்வளவு சீதனம் என்று எல்லாம் அதில் உண்டு. ஆண்டுக் கணக்கு மட்டும் அவருடைய பாணியில் இருக்கும். மூத்த மாமா “சூறாவளிக்கு அடுத்த நோன்பில்” பிறந்தவர். வடக்கைச் சூறாவளி அடித்தது 1964 டிசம்பர். அடுத்த றமழான் 1965 ஜனவரியில் தொடங்கியது. மாமாவின் பிறப்புச் சான்றிதழ் வேறு மாதம் சொல்கிறது. நான் உம்மும்மாவைத்தான் நம்புகிறேன். கடைசிப் பக்கங்களில் காணி விபரம்: உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர், நான்கு எல்லைகள். யாரையோ கொண்டு உறுதியை வாசிக்கச் சொல்லிக் கேட்டு எழுதியிருக்கிறார்.

1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் எல்லோரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். எனக்கு அப்போது பத்து வயது. வழியில் சோதனையிட்டவர்கள் நகையையும் உறுதிக் கட்டையும் எடுத்துக்கொண்டார்கள். கொப்பியை விரித்த பெடியனுக்கு மிஞ்சினால் பதினேழு வயதிருக்கும். அறபெழுத்தைக் கண்டதும் ஓதுகிற கிதாபு என்று நினைத்து இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தான். “நான் பொய்யும் சொல்லேல்ல, மெய்யும் சொல்லேல்ல” என்று உம்மும்மா பிறகு சொல்லிச் சிரிப்பார்.

புத்தளத்தில் ஓலைக் கொட்டில். மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஓதல், அது முடிந்ததும் எல்லை. “வடக்கே?” என்று கேட்பார். “வாய்க்கால்” என்போம். “கிழக்கே?” “பாலை மரம்.” தெற்கே வீதி, மேற்கே ஒழுங்கை. நாங்கள் அதை விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டோம். 2006இல் அவர் வபாத்தானார். கபுறு புத்தளத்திலேயே இருக்கிறது.

யுத்தம் முடிந்து நாங்கள் போய்ப் பார்த்தபோது வளவில் வேறொரு குடும்பம் இருந்தது. அவர்களும் எங்கிருந்தோ இடம்பெயர்ந்து வந்தவர்கள்தான். இந்த நாட்டுச் சட்டப்படி ஒருவர் பத்து ஆண்டுகள் தடையின்றி ஆட்சி செய்த தனியார் காணிக்கு ஆட்சியுரிமை கோரலாம். நாங்களோ பத்தொன்பது ஆண்டுகள் ஊரிலேயே இல்லை. பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ் போன்றவர்கள் வடபுல முஸ்லிம்களின் இழப்பை ஊர் ஊராகத் திரட்டி எழுதிவந்தார்கள். 2011இல் வெளியேற்றம் பற்றிய பிரஜைகள் ஆணைக்குழுவின் அறிக்கையும் வெளிவந்தது. ஆட்சியுரிமைக்கான விசேட ஏற்பாடுகள் சட்டம் 2016இல்தான் வந்தது. 1983 மே முதல் 2009 மே வரை ஆயுதச் செயற்பாடுகளால் காணிக்குப் போக முடியாதவர்களுக்கு எதிராக அந்தக் காலம் கணக்கில் வராது என்றது அந்தச் சட்டம். வழக்குப் போட இரண்டு ஆண்டுகள் அவகாசம் தந்தது. ஆனால் உறுதி இல்லாமல் எதைக் காட்டி வழக்குப் போடுவது?

கொப்பியை நீதிமன்றத்தில் யாரும் சாட்சியமாக எடுக்கமாட்டார்கள். இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் இருந்தால் காணிப் பதிவகத்தில் உறுதியின் பிரதி எடுக்கலாம். எடுத்தோம். எல்லைகள் நான்கும் நாங்கள் கொட்டிலில் ஒப்பித்த அதே ஒழுங்கில் இருந்தன. வழக்குக்குப் போகவேண்டி வரவில்லை. பிரதியைப் பார்த்த அந்தக் குடும்பம் போட்டிருந்த கச்சானைப் பிடுங்கியதும் வளவை விட்டுத் தந்தது.

கிழக்கு வளவுக்காரர் 2009இல் முள்ளிவாய்க்கால் வரை போய், மெனிக் பாம் முகாமிலிருந்து திரும்பியவர். அவருடைய உறுதியும் வழியில் தொலைந்துவிட்டது. எங்கட கொப்பியில் தன் தகப்பனாரின் பெயர் இருப்பதைக் கேள்விப்பட்டு வந்தார். “உம்மா எழுதிவைச்சதை எனக்கும் தமிழில எழுதித் தாங்கோ, சேர்” என்றார். எழுதிக் கொடுத்தேன். அந்த எழுத்தில் எந்த வரி தன் தகப்பனாருடையது என்று கேட்டு, அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்.

நில அளவையாளர் இனித்தான் வரவேண்டும். பாலை மரம் இப்போது இல்லை. அது நின்ற இடம் என்று மூத்த மாமா ஓரிடத்தைக் காட்டுகிறார், அவர் நாலு முழம் தள்ளி வேறோரிடத்தைக் காட்டுகிறார்.