அமெரிக்கக் கல்வியும் பணி விசாவும்: ஒரு வரலாற்றுப் பார்வை

அயல்நாடு சென்று பயிலுதல் நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. அண்ணல் அம்பேத்கர் 1913ஆம் ஆண்டில் பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று, நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகம் புகுந்தார். படிப்பு முடிந்தபின் பரோடா அரசில் பத்தாண்டுகள் பணிபுரிவதாக உடன்படிக்கையும் எழுதிக்கொடுத்தார். 1917இல் அவ்வாறே பணியேற்றவர், தங்க ஓர் இடமும் கிடைக்காமல் அந்நகரை விட்டு வெளியேறிய கொடுமையை நாம் அறிவோம்.

இன்று அமெரிக்கா செல்லும் நம் இளைஞர்களைப் பிணிப்பது வேறு வகைக் கட்டு. 1952ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம், மாணவரைப் படித்துவிட்டுத் தாய்நாடு திரும்புபவராகவே கொண்டது. பட்டம் பெற்றபின் செய்முறைப் பயிற்சி என்ற பெயரில் 12 மாதம் வேலை பார்க்கலாம். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் பயின்றோருக்கு 2008இல் மேலும் 17 மாதம் தரப்பட்டது. 2016இல் அது 24 மாதமாயிற்று.

அதற்கப்பால் தங்கிப் பணிபுரியப் பெரும்பாலோர் நாடுவது 1990ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த 'எச்-1பி' விசாவையே. இதற்கு விண்ணப்பிப்பவர் பட்டதாரி அல்லர். அவருக்கு வேலை தரும் நிறுவனமே என்பதை இளைஞர்கள் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். ஆண்டுக்கு 65,000 என்ற வரம்பு 2001 முதல் 2003 வரை 1,95,000 ஆக உயர்ந்து, மீண்டும் பழைய அளவுக்கே இறங்கியது. அந்நாட்டிலேயே முதுகலைப் பட்டம் பெற்றோருக்கெனத் தனியே 20,000 இடங்களை 2004ஆம் ஆண்டுச் சட்டம் சேர்த்தது. விண்ணப்பம் மிகுந்தால் குலுக்கல்தான்! அதிலும் கூடுதல் ஊதியத்துக்குக் கூடுதல் வாய்ப்பு என்ற விதி 2025 டிசம்பரில் வெளியாயிற்று. முதல் வேலைக்குச் செல்லும் எளிய வீட்டுப் பிள்ளைக்கு இது பாதகமே என்பது நம் கருத்து.

வேலை போய்விட்டால், 2017இல் வந்த விதிப்படி அதிக அளவாக 60 நாள் தவணை உண்டு. அதற்குள் வேறு நிறுவனம் முன்வராவிடில் பெரும்பாலும் நாடு திரும்ப வேண்டியதே. பிணை வைக்க நிலமில்லாமல், வட்டிக்கு வாங்கி அனுப்பிய குடும்பத்துக்கு அந்த அறுபது நாள் எத்தகையது! மேலதிகாரி சாதி பார்ப்பவராயின் வாய் திறப்பதும் அரிது. சியாட்டில் நகர மன்றம் 2023இல் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்ததை இத்துடன் சேர்த்து எண்ணுக.

ஆயினும் பணியாளர் கையில் ஒன்றுமே இல்லை என்று கருதற்க. புதிய நிறுவனம் விண்ணப்பித்த அளவிலேயே அங்கு மாறிப் பணியாற்றும் உரிமையை 2000ஆம் ஆண்டுச் சட்டம் தந்தது. அதற்கு முன்னரே 1998ஆம் ஆண்டுச் சட்டம், நிறுவனம் செலுத்த வேண்டிய பயிற்சிக் கட்டணத்தைப் பணியாளரிடம் வசூலிப்பதையும், இடையில் விலகுவோரிடம் தண்டத்தொகை பெறுவதையும் தடுத்துவிட்டது. மீறப்பட்டால் அந்நாட்டுத் தொழிலாளர் துறைக்கு முறையிடலாம். அதற்குரிய படிவம் 'டபிள்யூ எச்-4'.